ஸ்லீவ் கோக்க மறந்த சனிக்கிழமை

என் கணவர் லுப்பெர்ட்டுக்குச் சாப்பாட்டில் அருவருப்புக் கிடையாது. விலாங்கு மீனைத் தலையோடு தட்டில் வைத்தாலும் சாப்பிடுவார். அவருக்குக் குமட்டியது ஒரே ஒரு பொருள்தான்: கறுப்பு டேப் சுற்றிய ஒயர். மீன்பிடிப் படகின் எஞ்சின் அறைச் சூட்டில் நாலு வருடம் கிடந்த டேப்பைப் பிரித்தால், அதன் பசை உருகி, இழை இழையாக விரலோடு வரும். டீசலில் கையைக் கழுவி, பிறகு சோப்பில் கழுவி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த பிறகும் விரலை முகர்ந்து பார்ப்பார்.

"புண்ணை ஆத்தாம மேல மேல துணி சுத்தி வெச்ச மாதிரி இருக்கு, ஃபெம். உள்ள சீழ்."

"சாப்பிடுறப்ப ஏன் இந்தப் பேச்சு?"

"நான் பேசலேன்னா சீழ் இல்லேன்னு ஆயிடுமா?"

இப்படிப் பேசுகிறவரோடு வாழ்வது சுலபம் இல்லை. அவர் இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவரை நல்லவர் என்று சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் அவர் சுலபமான ஆள் என்பதுபோலப் பேசுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் குமட்டுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் படகுகளுக்கு மின்வேலை செய்தார். எங்கள் ஊர்ப் படகுகள் வெள்ளிக்கிழமை கரைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய ஓய்வுநாள், யாரும் எந்த வேலையையும் தொடமாட்டார்கள். திங்கட்கிழமை பிறந்த ஒரு நிமிடத்தில், அதாவது பன்னிரண்டு ஒன்றுக்கு, கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். ஆகையால் உடைந்தது, பழுதானது, கருகியது எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். சனிக்கிழமை மாலை ஆறு மணி நெருங்க நெருங்க எல்லாப் படகிலிருந்தும் ஒரே குரல்தான் வரும்: "ஆச்சா? ஆச்சா?"

லுப்பெர்ட்டின் சிவப்புப் பையில் ஸ்லீவ்கள் அளவு வாரியாக அடுக்கியிருக்கும். ஸ்லீவ் என்பது ஒயர் இணைப்பின் மேல் மாட்டிச் சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழல். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள் என்பதால், அது ஏன் சுருங்குகிறது என்று கல்யாணமான புதிதில் அவரே என்னிடம் கேட்டார். பாலியோலிபின் என்கிற பிளாஸ்டிக்கின் நீளச் சங்கிலிகளை எலக்ட்ரான் கற்றையால் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துவிடுகிறார்கள், அதன்பின் சூடாக்கி அகலமாக இழுத்து அப்படியே குளிரவைக்கிறார்கள், மறுபடி சூடு பட்டால் பிணைப்பு அதைப் பழைய அளவுக்கு இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் வேலை, பாதியில விட்டதை முடிச்சு வெக்கிறது" என்றார்.

அதில் தரம் பல உண்டு. பி.வி.சி. குழல் மலிவு, கொஞ்சம் அதிகம் சூடு பட்டால் தொண்டையைக் கமறவைக்கும் புகை விடும், குளிரில் விறைத்து வெடிக்கும். வீட்டுக்குள், காய்ந்த இடத்தில் பரவாயில்லை. சிலிக்கோன் குழலைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் போகும் ஒயருக்கு வைத்திருந்தார். படகின் அடிவயிற்றுக்கு அவர் தொட்டது ஒன்றைத்தான்: கனமான பாலியோலிபின், உள்சுவரில் பசை பூசியது. சூடு காட்டியதும் குழல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்; உள்ளே பசை உருகி ஒயரைப் பிடித்துக்கொண்டு இரண்டு முனையிலும் சின்ன மணியாக எட்டிப் பார்க்கும்.

"ரெண்டு பக்கமும் மூக்கு ஒழுகணும்" என்பார். "ஒழுகலேன்னா அந்த ஸ்லீவ் வெறும் சட்டை. உப்புத்தண்ணி சட்டையைப் பாத்து நிக்காது."

இந்த வேலையில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஸ்லீவை முதலில் ஒயரில் கோத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகுதான் இரண்டு ஒயர்களையும் இணைக்க வேண்டும். இணைத்து முடித்தபின் கோக்க வழியில்லை. அவசரத்தில் இணைப்பைச் செய்துவிட்டு நிமிர்ந்தால் ஸ்லீவ் பக்கத்தில் சும்மா கிடக்கும். அப்போது நேர்மையான ஆள் இணைப்பை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குவான். மற்றவன் டேப்பை எடுப்பான். அடுத்தவன் டேப்பை எடுத்தால் லுப்பெர்ட் அவன் முகத்துக்கு நேராகவே காறித் துப்புவதுபோல ஒரு சத்தம் செய்வார். அதனால் அவருக்கு நண்பர்கள் குறைவு.

பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு அக்டோபர் சனிக்கிழமை அவரே டேப்பை எடுத்தார்.

ரீகெல்ட்டின் இறால் படகு அது. ரீகெல்ட் எங்கள் தேவாலயச் சபையில் மூப்பர், சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். அவர் படகில் மூன்று பேர் போவார்கள். அதில் ஒருவன் என் தம்பி ஹெஸ்ஸல். அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது. எங்கள் மாடி அறையில் தங்கி, என் கையால் சாப்பிட்டு, என்னைத் துணி துவைக்க வைத்து, என் கணவரைக் கேலி செய்துகொண்டிருந்தான். படகின் அடிவயிற்றில் தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை சுவிட்ச் மேலெழும். உடனே சுக்கான் அறைக் கூரையில் சங்கு அலறும். அந்த சுவிட்ச் செத்துப்போயிருக்கிறது என்று ஹெஸ்ஸல்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

லுப்பெர்ட் குப்புறப் படுத்துக்கொண்டு, அழுகிய இறால் தலைகளும் எண்ணெய்ப் பாசியும் மிதக்கும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கையை நீட்டிப் புது சுவிட்சை வைத்தார். மேலே நின்று ரீகெல்ட், "ஆச்சா? குளிச்சிட்டு நாளைக்குப் படிக்க வேண்டிய வசனத்தைப் பாக்கணும்" என்றார். லுப்பெர்ட் இரண்டு ஒயர்களையும் இடுக்கியால் நசுக்கி இணைத்தார். நிமிர்ந்தார். எஞ்சின் மூடியின் மேல் இரண்டு ஸ்லீவ்களும் கிடந்தன.

பழைய கேபிளில் வெட்டி மறுபடி செய்ய நீளம் மிச்சமில்லை. கேபிளைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை வரிசையாகக் கழற்றி, மேலிருந்து இழுத்து, நீளம் தேட வேண்டும். ஒன்றரை மணி நேர வேலை. மணி ஆறடிக்கப் பத்து நிமிடம். டேப் சுற்றினார். மிதவையைத் தூக்கிப் பார்த்தார். சங்கு அலறியது.

"ஊதிருச்சில்ல? போதும், மேல வா" என்றார் ரீகெல்ட்.

அன்று இரவுச் சாப்பாட்டை லுப்பெர்ட் தொடவில்லை. கையை நாலு தடவை கழுவினார். என்னவென்று கேட்டேன். "நான் இன்னைக்கு டேப் சுத்திட்டு வந்திருக்கேன்" என்றார், வேறொரு பெண்ணிடம் போய்வந்தவர் சொல்வதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. "அடுத்த சனிக்கிழமை சரி பண்ணிக்கோங்க" என்றேன்.

"அதுக்குள்ள ஒரு வாரம் அவங்க கடல்ல இருப்பாங்க. உன் தம்பி கீழ்ப் படுக்கையில படுக்கிறான்."

ஞாயிறு காலை ஆராதனை முடிந்தது. முந்தின நாளே செய்து வைத்த சூப்பைச் சூடாக்கிக் குடித்தோம். பிறகு அவர் கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே சிவப்புப் பையை எடுத்தார். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பை தூக்கிக்கொண்டு தெருவில் போவது கால்சட்டை இல்லாமல் போவதற்குச் சமம். அவர் முனை திரும்புவதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் தெரிந்த இரண்டு முகங்களும் என்னையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பதற்காக. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கதவுச் சத்தம் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

அடுத்து நடந்ததை அவர் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். படகில் யாரும் இல்லை. கிளிப்புகளைக் கழற்றிக் கேபிளை இழுத்து நீளம் பிடித்தார். டேப் சுற்றிய இணைப்பை வெட்டினார். கேபிளின் தோலை உரித்தால் உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளி உரித்தார்; கறுப்பு. கேபிளோடு மேலே போனால் நடுவில் மூன்று பழைய இணைப்புகள். மூன்றின் மேலும் மெல்லிய, பளபளப்பான, பசை இல்லாத பி.வி.சி. குழல்கள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் ரீகெல்ட் யாரோ மலிவான ஆளை வைத்துச் செய்த வேலை. பார்வைக்கு அழகு. லுப்பெர்ட் கத்தியால் ஒன்றைக் கீறினார். பச்சைக் கூழ் வழிந்தது.

"நாத்தம் எப்படி இருந்துச்சு தெரியுமா? பழைய காசை வாயில போட்டு மென்ன மாதிரி" என்றார் என்னிடம். "நேத்து ஒரே ஒரு இழையில ஊதியிருக்கு, ஃபெம். ஒரே இழை. நான் இழுத்ததும் அதுவும் பொடியாப் போச்சு."

ஆகப் படகில் இப்போது எச்சரிக்கை என்று ஒன்றுமே இல்லை. கடைசி இழையை அறுத்தது அவர் கை. சுக்கான் அறை வரைக்கும் பதினாலு மீட்டர் புதுக் கேபிள் வேண்டும். அவர் பையில் இரண்டு மீட்டர்தான் இருந்தது. மிச்சம் அவர் வேலை பார்த்த மின்சாமான் கடையில். சாவி கடை முதலாளியிடம். ஞாயிற்றுக்கிழமை அவர் சாவியைத் தொடமாட்டார். கதவுக்கு வெளியிலேயே நிறுத்தி அதைச் சொல்லிவிட்டார்.

லுப்பெர்ட் ரீகெல்ட் வீட்டுக்குப் போனார். காப்பி நேரம். உறவுக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் பச்சைக் கறையோடு இவர் போய் நடுவில் நின்றிருக்கிறார்.

"முதலாளி, படகுல அலாரம் செத்துப்போச்சு. ஒயர் முழுக்க அழுகல். இன்னைக்கு ராத்திரி கிளம்பாதீங்க."

"லுப்பெர்ட், இன்னைக்கு என்ன கிழமை?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா படகுல கை வெச்சே?"

"ஆமா. வெச்சதாலதான் தெரிஞ்சுது."

"வேலைப் பேச்சு நாளைக்குப் பேசலாம்."

"நாளைக்கு எப்ப? நாளைன்னு ஒண்ணு வந்த ஒரு நிமிஷத்துல கயித்தை அவுத்துருவீங்க. நான் எந்த நிமிஷத்துல பேசட்டும், சொல்லுங்க?"

யாரோ சிரித்திருக்கிறார்கள். ரீகெல்ட் சிரிக்கவில்லை. "கையைக் கழுவிட்டு ஆராதனைக்கு வா" என்றார். வாசல் வரைக்கும் கூட வந்து கதவைத் திறந்துவிட்டார். மரியாதையான மனிதர்.

லுப்பெர்ட் படகுக்கே திரும்பினார். கூரையிலிருந்து சங்கைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து எஞ்சின் அறை வாசலில் மாட்டினார். பக்கத்தில் இருந்த பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, கையில் இருந்த இரண்டு மீட்டர் ஒயரால் மிதவை சுவிட்சை அதனோடு நேராக இணைத்தார். இந்தத் தடவை ஸ்லீவ்களை முதலில் கோத்தார். கோத்துவிட்டோம் என்று வாய்விட்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டாராம். இரண்டு முனையும் மூக்கு ஒழுகும் வரை ஹீட் கன்னைப் பிடித்தார். பிடிவாதக்காரன் ரீகெல்ட் எப்படியும் கிளம்பத்தான் போகிறான், கிளம்பினால் இதாவது ஊதட்டும் என்று நினைத்திருக்கிறார். அவ்வளவுதான் அவர் திட்டம்.

மாலை ஐந்து மணி ஆராதனை. போதகர் பிரசங்கத்தின் இரண்டாம் பாகத்துக்கு வந்து, எல்லாரும் பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்ட நேரம். துறைமுகத்திலிருந்து சங்கு கேட்டது. முதலில் ஒரு முனகல், உடனே நிற்காத அலறல். எங்கள் கோயில் துறைமுகத்துக்கு மேலேயே இருக்கிறது. போதகர் குரலை உயர்த்திப் பார்த்தார். சங்கு ஜெயித்தது. பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

"நீங்கதானே இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "ஊர் முன்னாடி மானத்தை வாங்கணும்னே பண்ணீங்களா?"

அவர் முகம் வெளுத்திருந்தது. "நான் ஊதவெக்கல, ஃபெம். தண்ணி ஊதுது. நிஜமாவே தண்ணி ஏறுது."

மூப்பர்கள் பெஞ்சிலிருந்து ரீகெல்ட் எழுந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், நடுவழியாக வெளியே போனார். சில நிமிடங்களில் சங்கு நின்றது. பாதி அலறலில், கத்தியால் நறுக்கியதுபோல நின்றது. இருபது நிமிடத்தில் ரீகெல்ட் திரும்பி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து கண்ணை மூடினார். ஜெபம் முடிந்து சங்கீதம் பாடினோம். அவர் குரல் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது.

லுப்பெர்ட் பாடவில்லை. "பம்ப் போட்டிருந்தா தண்ணி இறங்க அரை மணி ஆகும்" என்றார் என் காதில். "வெட்டிட்டான்."

வீட்டில் காப்பிக் கோப்பையோடு ஹெஸ்ஸலை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவன் நாற்காலியை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"மச்சான், நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டது எங்க அக்காவையா, அந்த ஸ்லீவையா?"

"சிரிக்காதடா. அடியில தண்ணி வருது. விசிறி அச்சு வெளிய போற இடத்துல ஒழுகுதுன்னு நினைக்கிறேன். சொல்றதுக்கு இப்ப அலாரமும் இல்ல."

"பம்ப் இருக்கில்ல."

"பம்புக்கும் அதே ஆள்தான் ஒயர் போட்டிருக்கான்."

"எல்லாத்துக்கும் பயந்தா நான் உங்கள மாதிரிக் கரையில உக்காந்து ஒயருக்குச் சட்டை போட்டுக்கிட்டிருக்கணும். இந்த வாரம் போகலேன்னா என் இடத்துல வேற ஆளை ஏத்திருவாரு. அப்புறம் அடுத்த வாரம் வான்னு யாரு கூப்பிடுவா? நீங்களா?"

லுப்பெர்ட் கெஞ்சத் தெரியாதவர். அன்று கெஞ்சினார். "ஒரே ஒரு வாரம்டா. ஒரு வாரம் நோவுன்னு சொல்லு."

"ஞாயித்துக்கிழமை பொய் சொல்லச் சொல்றீங்களா? ஏற்கெனவே வேலை செஞ்சாச்சு, இப்ப பொய்யா?" ஹெஸ்ஸல் சிரித்துக்கொண்டே மாடிக்குத் தூங்கப் போனான்.

அவனுடைய கடல் மூட்டை நடையில் தயாராக நின்றது. கம்பளி உள்ளாடைகள், ஆறு ஜோடிக் காலுறை, தடித்த ஸ்வெட்டர்கள் என்று சனிக்கிழமை நானே துவைத்து, காயவைத்து, அடுக்கியது. லுப்பெர்ட் அதற்குப் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் பச்சை இருந்தது. எனக்கு எல்லார்மேலும் வெறுப்பு வந்தது. ஊரின் மேல், தம்பியின் மேல், பாடும்போது ஓங்கி ஒலித்த அந்தக் குரலின் மேல், என் வீட்டுக் கதவைச் சாத்திய என் கையின் மேல். மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். மழைத்தண்ணீர்ப் பீப்பாயில் முழுசாக அமுக்கினேன். குமிழி நிற்கும் வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். அதன்மேல் அவனுடைய பூட்ஸ்களையும் போட்டேன்.

கிளம்பும் நேரத்தில் ஹெஸ்ஸல் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் விளக்கு எரிந்தது. என்னை அவன் அழைத்த பெயர்களை இங்கே எழுதமாட்டேன். ரீகெல்ட்டுக்கு ஃபோன் செய்து, "முதலாளி, என் துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு, எங்க அக்கா ஒரு பைத்தியம்" என்றான். லுப்பெர்ட் உடம்புக்குப் பெரியவர், அவர் துணி இவனுக்குப் பொருந்தாது. அக்டோபர்க் கடலில் கம்பளி இல்லாமல் போக முடியாது. இரண்டு பேரை வைத்து வலை இழுக்க முடியாது. விடிந்ததும் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று ரீகெல்ட் ஃபோனை வைத்தார்.

விடிந்தபோது படகு கட்டிய இடத்திலேயே பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டிருந்தது. பின்தளம் தண்ணீருக்குள், முன்மூக்கு மட்டும் கயிற்றை முறுக்கிக்கொண்டு நின்றது. சுற்றிலும் டீசல் வானவில், நீலக் கூடைகள், போன வாரத்து இறால் ஓட்டு நுரை. அந்த வாடை மேட்டுத் தெரு வரைக்கும் ஏறியது. பாதி ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தது. ஹெஸ்ஸல் என் ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றான். அவன் படுக்கை இருந்த இடம் கறுப்புத் தண்ணீருக்கு அடியில் இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கயிறு கட்டும் கட்டைக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தான்.

லுப்பெர்ட்டைக் கண்டதும் ரீகெல்ட் விரலை நீட்டினார்.

"ஓய்வுநாள்ல இவன் கை வெச்சான். மறுநாள் மூழ்கிடுச்சு. நான் வேற எதுவும் சொல்ல வேண்டாம், எல்லாரும் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். லுப்பெர்ட், "ஒயரை வெட்டினது யாருன்னு கேளுங்க" என்றார். யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை படகைக் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். ராட்டர்டாமிலிருந்து காப்பீட்டு ஆள் வந்தார். உயரமான, சளி பிடித்த மனிதர். விசிறி அச்சின் அடைப்பு தேய்ந்து போயிருப்பதைப் பார்த்தார். பம்பின் ஒயரைக் கீறிப் பச்சைக் கூழைக் காட்டி, "இதைச் செஞ்சவன் வேலை செய்யல, அலங்காரம் செஞ்சிருக்கான்" என்றார். எஞ்சின் அறை வாசலில் சங்கு ஒயர் இடுக்கியால் நறுக்கப்பட்டுத் தொங்கியது. மிதவை சுவிட்ச் பக்கம் இருந்த லுப்பெர்ட்டின் இணைப்பையும் கீறிப் பார்த்தார். நான்கு நாள் எண்ணெய்த் தண்ணீரில் ஊறியும் உள்ளே செம்பு புதுசாக மின்னியது. இன்னொரு இணைப்பை லுப்பெர்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்: கீறாத ஸ்லீவ், இரண்டு முனையிலும் பசை மணி, ஒரு பக்கத்து ஒயரில் இடுக்கியின் சாய்வான வெட்டு. விரல் நீளம்.

அறிக்கையில் இவை எல்லாம் இருந்தன. ஊரில் அதைப் படித்தவர்கள் நான்கு பேர் இருக்கலாம். ரீகெல்ட் மூப்பராகவே தொடர்ந்தார். வேறு படகு வாங்கினார். லுப்பெர்ட்டைப் படகுகள் கூப்பிடுவது நின்றது. கடை முதலாளி, "எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல, ஆனா அவங்களுக்கு உன் கை வேண்டாமாம்" என்றார். லுப்பெர்ட் உள்நாட்டில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, செடி வளர்க்கும் கண்ணாடிப் பசுமைக்குடில்களுக்கு மின்பெட்டி செய்யும் பட்டறையில் சேர்ந்தார். சுத்தமான இடம், மீன் வாடை கிடையாது. பதின்மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தார்.

"அங்க தண்ணியே இல்ல, ஃபெம்" என்பார். "எதைப் போட்டாலும் நிக்குது. அதுல என்ன இருக்கு?"

ஊர்க்காரர்களை அவர் மன்னிக்கவில்லை. தெருவில் ரீகெல்ட் எதிரே வந்தால் அந்தப் பழைய சத்தத்தைச் செய்வார், துப்பாமல் துப்புகிற சத்தம். அது எனக்குப் பிடிக்காது. கூட நடக்கக் கூச்சமாக இருக்கும். இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்க ஆசையாக இருக்கிறது. அதுவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஜனவரியில் கணையத்தில் நோய் என்று கண்டுபிடித்து, மார்ச்சில் போய்விட்டார். அடக்கத்துக்கு முந்தின நாள் மூப்பர்கள் சார்பில் ரீகெல்ட் வீட்டுக்கு வந்தார். எழுபது தாண்டிவிட்டது, தொப்பியை அதே மாதிரிக் கையில் பிடித்திருந்தார். ஹெஸ்ஸல் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தான். அவன் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு ரீகெல்ட்டின் எந்தப் படகிலும் ஏறவில்லை. மூட்டையைப் பற்றி என்னிடம் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை, கேட்காமலே வந்து, அந்த மழைநீர்ப் பீப்பாயைக் கழுவிவிட்டுப் போவான்.

"லுப்பெர்ட் கை சுத்தமான மனுஷன், ஃபெம்" என்றார் ரீகெல்ட். "வேலையில அவரை மாதிரி இனிமே யாரு? நாளைக்குக் கல்லறையில நான் நாலு வார்த்தை சொல்றேன்."

நான் எழுந்து போய் அவருக்குக் காப்பி கொண்டுவந்தேன். சாசரில் பிஸ்கட் வைக்கும் இடத்தில் அந்த விரல் நீளத் துண்டை வைத்தேன்.

அவர் பார்க்காமலே கையை நீட்டினார். எடுத்த பிறகு பார்த்தார்.

"இது என்ன?"

"பிஸ்கட் தீந்துபோச்சு" என்றேன். "இது நீங்க வெட்டினது. அந்த ஞாயித்துக்கிழமை, ஆராதனைக்கு நடுவுல."

சாய்வாக வெட்டிய முனையை அவர் விரல் தடவியது. பதினான்கு வருடம். வாய் ஏதோ சொல்லத் தொடங்கியது. "அது வேலை இல்ல, ஃபெம். சத்தத்தை நிறுத்தினேன், அவ்வளவுதான்…"

"நாளைக்குச் சொல்ற நாலு வார்த்தையில இதையும் சேத்துக்கோங்க. சேக்க முடியாதுன்னா எதுவும் சொல்ல வேண்டாம்."

சமையலறையிலிருந்து ஹெஸ்ஸல் குரல் வந்தது. "முதலாளி, காப்பி ஆறுது."

அவர் காப்பியை முழுதாகக் குடித்தார், கடைசிச் சொட்டு வரை. துண்டைச் சாசரில் திரும்ப வைத்தார். மறுநாள் கல்லறையில் எல்லாரையும்போல நின்றார், எதுவும் பேசவில்லை. போதகர் ஜெபித்து முடித்தார், ஹெஸ்ஸல் கயிற்றை விட்டான், பெட்டி இறங்கியது.

ஆனால் என்னால் மறக்க முடியாதது அதற்கு முந்தின நாள், ரீகெல்ட் என் வீட்டு வாசலில் நின்று செய்தது. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அந்தத் துண்டைத் தொட்ட விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அந்த ஸ்லீவில் கையில் ஒட்ட ஒன்றுமே கிடையாது. ஒட்டாமல்தான் லுப்பெர்ட் அதைச் செய்திருந்தார். இருந்தும் அவர் துடைத்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனார்.